மருத்துவக் கருவி நிறுவனத்தில் ஆர் அண்டு டி தலைவருக்கு உண்மையில் என்ன வேலை?

கேள்வி: ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பல வருடங்களாக டிசைன் வேலை பார்க்கிறேன். மருத்துவக் கருவித் துறைக்கு மாறி, பிற்பாடு ஆர் அண்டு டி தலைவர் பொறுப்புக்கு வர வேண்டும் என்று ஆசை. அந்த நாற்காலியில் இருப்பவர் நாள் முழுக்க என்னதான் செய்வார்? கண்டுபிடிப்பு வேலையா, ஃபைல் வேலையா? என்னைப் போன்ற ஆள் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்:

இரண்டும் உண்டு. ஆனால் அந்தப் பொறுப்பின் பெரும்பகுதி வேறு ஒன்றில் போகிறது. கையில் இருக்கும் கருவி எங்கே, எப்படி உடையும் என்பதை நோயாளியின் உடம்பு கண்டுபிடிப்பதற்கு முன்னால் நம் மேஜையில் கண்டுபிடிக்க ஏற்பாடு செய்வது. அப்படி உடையும்போது குழு சோர்ந்து போகாமலும், பணம் கொடுப்பவர் கடையைச் சாத்தாமலும் பார்த்துக்கொள்வது. புது யோசனைக்கு இந்தத் துறையில் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு சர்ஜனும் இரண்டு யோசனையோடுதான் வருவார்.

பொதுவாகச் சொன்னால் இது பிடிபடாது. நமக்குப் பக்கத்தில் நடந்த ஒரு கதையையே எடுத்துக்கொள்வோம்: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான சித்திரா இதய வால்வு. நிறுவனம் என்றாலும் அது கம்பெனி இல்லை, மத்திய அரசின் அமைப்பு. ஆனால் ஒரு வால்வு காகிதத்தில் தொடங்கி ஆலை வரை போன பாதை இவ்வளவு வெளிப்படையாகப் பதிவான இந்திய உதாரணம் வேறு எனக்குத் தெரியாது. கம்பெனிகள் தங்கள் தோல்விகளை எழுதி வெளியிடுவதில்லை. சித்திரா குழு எழுதி வெளியிட்டது.

1970களின் பிற்பகுதி. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போய் வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஏழைகள். இறக்குமதி வால்வு அவர்கள் வாங்கும் விலையில் இல்லை. இயக்குநராக இருந்த எம்.எஸ். வலியத்தான் இதய அறுவைச் சிகிச்சை நிபுணர். அமெரிக்காவில் பயிற்சி பெற்றபோது செயற்கை வால்வின் முன்னோடியான சார்லஸ் ஹஃப்நகலிடம் வேலை பார்த்தவர். நாமே செய்வோம் என்று அவர் தொடங்கினார். பொறியியல் பக்கத்தை நடத்தியவர் ஜி.எஸ். புவனேஷ்வர். ஊரின் இன்னொரு பக்கத்தில், பூஜப்புரையில் இருந்த சேட்டல்மண்ட் அரண்மனைதான் அவர்களின் தொழில்நுட்பப் பிரிவு. சர்ஜன் ஒருவர், பொறியாளர் ஒருவர், இரண்டு பேரும் ஒரே பொருளுக்குப் பொறுப்பு. இந்த ஜோடி அமையாமல் தேறிய மருத்துவக் கருவி மிகக் குறைவு. 1960இல் வந்த ஸ்டார்-எட்வர்ட்ஸ் பந்து வால்விலும் இதே கதைதான். ஆல்பர்ட் ஸ்டார் சர்ஜன், லோவெல் எட்வர்ட்ஸ் ஓய்வு பெற்ற பொறியாளர்.

சாயும் தட்டு வால்வு பார்க்க மிக எளிமையானது. ஓர் உலோக வளையம், அதற்குள் ஒரு வட்டத் தட்டு, தட்டு வெளியே விழாமல் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி வளைவுகள், வளையத்தைச் சுற்றி இதயத் திசுவோடு சேர்த்துத் தைக்கத் துணி. மொத்தமே பத்து ரூபாய் நாணய அளவுதான். ரத்தம் தள்ளும்போது தட்டு சாய்ந்து வழிவிடும், திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். இது ஒரு வருடத்தில் நாலு கோடித் தடவைக்கு நெருக்கமாக நடக்க வேண்டும். எண்ணெய் போட முடியாது, சர்வீஸ் கிடையாது. மேற்பரப்பு சரியில்லை என்றால் அதன் மேலேயே ரத்தம் உறையும். நோயாளி ஆயுள் முழுக்க ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். உங்கள் துறையில் லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் என்பார்கள். இங்கே உத்தரவாதக் காலம் முடிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் மாதிரியில் கம்பி வளைவை டைட்டானியம் வளையத்தோடு வெல்டிங் செய்தார்கள். வேகப்படுத்திய சோதனை இயந்திரத்தில் பெரிய கம்பி வெல்டிங் இடத்தில் முறிந்தது. வெல்டிங் வெப்பத்தில் அந்த இடம் நொறுங்கும் தன்மை பெற்றிருந்தது. சரி, வெல்டிங்கே வேண்டாம் என்று அடுத்த மாதிரியில் வளையமும் கம்பிகளும் சேர்ந்த முழுக் கூட்டையும் ஒரே டைட்டானியத் துண்டில் கடைந்து எடுத்தார்கள். தட்டுக்கு நீலமணிப் படிகம். கடினம், வழவழப்பு, ரத்தத்தோடு சண்டை போடாது. கேட்க அருமையாக இருந்தது. ஆனால் சோதனை இயந்திரத்தில் அந்தக் கடினமான தட்டே டைட்டானியத்தைத் தேய்த்துத் தின்றுவிட்டது. மூன்றாவதில் கூட்டின் உலோகத்தை மாற்றி, விமான டர்பைன்களில் பயன்படும் ஹேய்ன்ஸ்-25 என்ற கோபால்ட் கலவையைப் போட்டார்கள். தேய்மானம் அடங்கியது. இந்த முறை, செம்மறி ஆட்டின் இதயத்தில் பொருத்திய பிறகு, நீலமணித் தட்டே அடிபட்டு உடைந்தது.

மூன்று மாதிரி, மூன்று தோல்வி, மூன்றும் வேறு வேறு காரணம். இந்த இடத்தில்தான் ஒரு தலைவர் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியும். பணத்தையும் வருடங்களையும் விழுங்கிய ப்ராஜெக்டை மூடிவிடலாம் என்பதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. ஆனால் தோல்விகளைக் கூர்ந்து பார்த்தால் அவை ஒரே இடத்தில் சுற்றவில்லை, முன்னேறிக்கொண்டிருந்தன. வடிவம் தேறியது, பிறகு கூடு தேறியது, மிச்சமிருந்த பிரச்சினை தட்டு மட்டும். ஒரே காரணத்துக்காக மூன்று தடவை உடைந்திருந்தால் நானே மூடச் சொல்லியிருப்பேன்.

தட்டுக்கு உலகம் முழுக்க எல்லோரும் பைரோலிடிக் கார்பன் என்ற தனி வகைக் கார்பனைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் தொழில்நுட்பம் அமெரிக்கக் கைகளில் இருந்தது. இங்கே கிடைக்காது. சித்திரா குழு எடுத்தது மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎதிலீன், அதாவது ஒரு பிளாஸ்டிக். 1960களிலிருந்து இடுப்பு மூட்டு மாற்றில் ஓடி ஓடித் தன்னை நிரூபித்த பொருள். கண்ணைக் கவரும் தேர்வு இல்லை. ஆய்வுக் கட்டுரைக்கு நீலமணிதான் அழகு. ஆனால் பாலிஎதிலீன் உலோகத்தைத் தேய்க்காது, அடித்தால் உடையாது, மூடும்போது சத்தமும் குறைவு. நோயாளிக்கு ராத்திரி தூங்கும்போது நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்காமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

நான்காவது மாதிரி சோதனை இயந்திரத்தில் 36 கோடித் தடவைக்கு மேல் திறந்து மூடியது. ஒன்பது ஆண்டு இதயத் துடிப்புக்குச் சமம் என்று குழு கணக்கிட்டது. நிமிடத்துக்கு எழுநூறு என்று ஓட்டினாலும் இரவு பகலாக ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும் சோதனை அது. நடுவில் கரண்ட் போனால், பம்ப் பழுதானால், எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டும். ஆடுகள் நீண்ட காலம் பிழைத்தன. 1990 டிசம்பர் 6 அன்று முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். பிறகு ஆறு மருத்துவமனைகளில் 306 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து முடிவுகளை வெளியிட்டார்கள். உற்பத்தியைச் சென்னை டிடிகே குழுமம் எடுத்துக்கொண்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் போயிருக்கின்றன.

இப்போது இதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஷைலி நிறுவனம் 1979இல் பியோர்க்-ஷைலி குவி-குழி வால்வைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே சாயும் தட்டு வகை. ரத்த ஓட்டத்தை மேம்படுத்தி உறைவைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில்தான் வடிவத்தை மாற்றினார்கள். ஆனால் வெளிப்பக்கக் கம்பி வெல்டிங் செய்யப்பட்டது. அனுமதிக்கு முன் நடந்த மருத்துவச் சோதனையிலேயே ஒரு நோயாளிக்குக் கம்பி முறிந்தது. அது தனித்த நிகழ்வு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. 1986இல் விற்பனையை நிறுத்துவதற்குள் உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட முறிவுகள் பதிவாகின. முறிந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள்.

திருவனந்தபுரத்தில் வெல்டிங் முறிந்தது இயந்திரத்தில், அங்கே முறிந்தது மனிதர்களின் நெஞ்சில். அமெரிக்கப் பொறியாளர்கள் மட்டம் என்று சொல்ல வரவில்லை. நல்ல திறமைசாலிகள்தான். ஒரே ஒரு முறிவு கையில் கிடைத்தபோது அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். 'ஒண்ணே ஒண்ணுதானே' என்ற வாக்கியத்தை மீட்டிங்கில் யாராவது சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள். அப்போது கூட்டத்தை அங்கேயே நிறுத்தக்கூடியவர் ஆர் அண்டு டி தலைவர் ஒருவர்தான். விற்பனைத் தலைவர் நிறுத்த மாட்டார். தரப் பிரிவு கேள்வி எழுப்பும், ஆனால் பொறியியல் பதில் அவர்களிடம் இருக்காது.

வாகனத் துறையிலிருந்து வருபவர் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டிய முதல் வேறுபாடும் இதில் இருக்கிறது. நீங்கள் ரீகால் என்றால் வண்டியை ஷெட்டுக்கு வரவழைத்துப் பாகத்தை மாற்றுவீர்கள். ஷைலி வால்வோடு வாழ்ந்தவருக்கு ரீகால் என்றால் நெஞ்சை மறுபடி பிளப்பது. வால்வு முறிவதன் ஆபத்து பெரிதா, மறு அறுவைச் சிகிச்சையின் ஆபத்து பெரிதா என்று வயது, வால்வின் அளவு, தயாரான காலம் எல்லாம் வைத்து டாக்டர்கள் கணக்குப் போட்டார்கள். ஏராளமானவர்களுக்கு 'அப்படியே இருக்கட்டும்' என்பதே விடையாக வந்தது. அவர்கள் அந்த வால்வோடும் அந்தத் தகவலோடும் மிச்ச வாழ்க்கையை ஓட்டினார்கள்.

அதனால்தான் உங்களுக்குப் பழக்கமான எஃப்எம்இஏ என்ற பழுது ஆய்வு முறை இங்கே பாதி உதவிதான். அது பாகத்திலிருந்து தொடங்கும்: இந்தப் பாகம் எப்படிப் பழுதாகும், விளைவு என்ன. மருத்துவக் கருவிகளுக்கான ஆபத்து மேலாண்மைத் தரநிலை ஐஎஸ்ஓ 14971 நோயாளிக்கு வரக்கூடிய தீங்கிலிருந்து பின்னோக்கி வரச் சொல்கிறது. எந்தப் பாகமும் பழுதாகாமலே தீங்கு வரலாம் என்பது அப்போதுதான் கண்ணில் படும். ஒரு மருத்துவமனை ஐசியூவில் நான் பார்த்தது இது: சொட்டு மருந்தைச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்பின் பஸ்ஸர் ஓட்டையின் மேல் நர்ஸ் ஒருவர் பிளாஸ்டரை இரண்டு மடிப்பாக ஒட்டி வைத்திருந்தார். ஏன் சிஸ்டர் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லாததுக்கெல்லாம் நாள் பூரா கத்துது சார், பக்கத்து பெட் பாட்டி தூங்கவே மாட்டேங்குறாங்க" என்றார். பம்பில் ஒரு பழுதும் இல்லை. அலாரம் தரநிலைப்படி சரியான சத்தத்தில்தான் அடித்தது. ஆனால் குழாயில் நிஜமாகவே அடைப்பு வந்தால் அந்த பெட்டில் யாருக்கும் கேட்காது. இது உங்கள் டிராயிங்கில் எந்த வரியிலும் வராது. தலைவராக இருப்பவர் தன் ஆட்களை மாதம் ஒரு தடவையாவது வார்டுக்கு அனுப்ப வேண்டும், தானும் போக வேண்டும். சர்ஜன் சொல்வதை மட்டும் கேட்டு டிசைன் செய்கிற குழு, கருவியைக் கழுவுகிறவரையும் ஸ்டெரிலைசரில் அடுக்குகிறவரையும் மறந்துவிடும்.

ஃபைல் வேலைக்கு வருகிறேன். இந்தியாவில் இதய வால்வு, அடைபட்ட ரத்தக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் போன்ற சில கருவிகள் 2005இல்தான் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்தன. அதாவது சித்திரா வால்வை முதலில் பொருத்தியபோது இங்கே கட்டாயப்படுத்தும் விதி என்று பெரிதாக எதுவும் இல்லை. அவர்களாகவே சர்வதேச அளவுகோலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். இன்று அப்படி இல்லை. மருத்துவக் கருவி விதிகள் 2017 2018 தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நாலு வகுப்பு. வால்வு டி வகுப்பு, அனுமதி தருவது டெல்லியில் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓ. 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்துக்குள் வந்துவிட்டன. இதற்கு மேல் தரநிலைகள்: தர மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 13485, உடலோடு ஒத்துப்போவதற்கு 10993, மின்கருவி என்றால் ஐஇசி 60601, மென்பொருள் இருந்தால் 62304. மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொன்றும் எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று தெரிந்தால் போதும்.

இந்தக் காகிதத்தைச் சாபமாக நினைக்கிற பொறியாளர்கள் நிறைய. எனக்கு அந்தக் கருத்து இல்லை. டிசைன் ஃபைல் என்பது 'ஏன் இப்படிச் செய்தோம்' என்பதன் நாட்குறிப்பு. பத்து வருடம் கழித்து ஒரு புகார் வரும், டிசைன் செய்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அந்த ஃபைல் மட்டும்தான் இருக்கும். ஆனால் ஆடிட்டுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதுகிற ஃபைல் வெறும் குப்பை. அதைவிட ஆபத்தும் கூட. அந்தப் பழக்கம் இருக்கிற இடத்தில் தலைவர் பதவி கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் ஆலைக்கு மாற்றும் கட்டம். ஆராய்ச்சி ஆட்கள் எல்லோரும் இளைப்பாறும் இடம் இது, இளைப்பாறவே கூடாத இடமும் இதுதான். ஆய்வகத்தில் ஒரு கைதேர்ந்த டெக்னீஷியன் தட்டு சுலபமாகச் சாய்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆலையில் அந்த விரல் கிடையாது. அவர் என்ன பார்த்தார் என்பதை அளவாக, எண்ணாக மாற்ற வேண்டும். அதோடு வெல்டிங், ஸ்டெரிலைசேஷன், பாக்கெட் சீல் ஒட்டுவது போன்றவற்றை முடிந்த பொருளைப் பார்த்து மட்டும் சோதிக்க முடியாது, சோதித்தால் பொருள் கெட்டுவிடும். எனவே செய்முறையையே முன்கூட்டி நிரூபித்து வைக்க வேண்டும். சித்திராவிலேயே பிறந்த ரத்தப் பையை எடுத்துக்கொண்டு, ஐஏஎஸ் வேலையை விட்டுவிட்டு வந்து பென்போல் கம்பெனியைத் தொடங்கினார் சி. பாலகோபால். ஆய்வகத்தில் நன்றாக வந்த பையை ஆலையில் லட்சக்கணக்கில் ஒழுகாமல் செய்ய அவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். இன்று அது ஜப்பானின் டெருமோவோடு சேர்ந்து டெருமோ பென்போல்.

விலையும் உங்கள் மேஜைக்கு வரும். 2017 பிப்ரவரியில் அரசு ஸ்டென்டுகளுக்கு உச்ச விலை வைத்தது: வெறும் உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600. நோயாளிக்கு அது பெரிய நிம்மதி, சந்தேகமே இல்லை. ஆனால் மருந்து பூசிய எல்லாத் தலைமுறைக்கும் ஒரே விலை என்றால் அடுத்த தலைமுறைக்குச் செலவு செய்யலாமா என்று நிர்வாகம் உங்களைத்தான் கேட்கும். அதற்குப் பொறியியல் பதில் மட்டும் போதாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நேராக டிசைன் வேலையைத் தேடாதீர்கள் என்பது என் கருத்து. சோதனைப் பிரிவு அல்லது உற்பத்திச் செய்முறையை நிரூபிக்கும் வேலிடேஷன் பிரிவில் நுழையுங்கள். திரும்பத் திரும்ப விசை பட்டு உலோகம் முறியும் சோர்வு முறிவு, தேய்மானம், மாதிரி எண்ணிக்கைக் கணக்கு, அளவுக் கருவிகளின் நம்பகத்தன்மை இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. இந்தத் துறையில் அதற்கு ஆள் குறைவு. அங்கே இரண்டு மூன்று வருடம் இருந்தால் எந்த டிசைன் ஏன் தோற்கிறது என்பது டிசைன் ஆட்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உடற்கூறும் உடலியக்கமும் நர்ஸிங் மாணவர் படிக்கும் அளவுக்காவது படியுங்கள். டாக்டரிடம் பேச அந்த மொழி வேண்டும். அனுமதி கிடைத்தால் ஓர் அறுவைச் சிகிச்சையை ஆரம்பம் முதல் கடைசி வரை நின்று பாருங்கள். கையுறை போட்ட ஈரக் கையால் சின்ன ஸ்க்ரூவைத் திருப்புவது எப்படி இருக்கும் என்பது அங்கேதான் தெரியும்.

ஊர் மாற வேண்டிய கட்டாயமும் இல்லை. மத்திய அரசின் திட்டத்தில் தேர்வான நாலு மருத்துவக் கருவிப் பூங்காக்களில் ஒன்று உங்கள் ஒரகடத்திலேயே 350 ஏக்கரில் வருகிறது. நேர்காணலுக்குப் போனால், கடைசியாக எந்த ப்ராஜெக்டை நிறுத்தினார்கள், எந்தச் சோதனை முடிவைப் பார்த்து நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். இதுவரை எதையுமே நிறுத்தியதில்லை என்று பெருமையாகச் சொன்னால் அந்த இடம் வேண்டாம். சம்பளம் முதல் மாற்றத்தில் பெரிதாக ஏறாது, சில இடங்களில் கொஞ்சம் குறையவும் கூடும். வீட்டில் அதைப் பேசி முடித்துவிட்டே விண்ணப்பம் போடுங்கள்.